லிஸ்பனுக்குக் கொண்டுபோன வலை ஊசி

போர்த்துகலின் தலைநகர் லிஸ்பனில் நடக்கும் பயிற்சிக்கு வரும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் ஊரின் பண்பாட்டைச் சொல்லும் பொருள் ஒன்றைக் கையோடு எடுத்து வரவேண்டும் என்று அழைப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். மண்டபத்துக்கு அருகில் உள்ள ஒரு நடுநிலைப்பள்ளியில் 17 ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் எனக்கு, அந்த ஒரு வரி பல நாள் யோசனையாகிவிட்டது. ராமேசுவரத்துக் கடைத்தெருவில் விற்கும் வலம்புரிச் சங்கின் பொம்மை வடிவம், சாயமேற்றிய பனையோலைப் பெட்டி, ராமநாதசுவாமி கோயில் பிரகாரத்தின் படம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாமே யாத்திரை வந்தவர் வாங்கிப் போகும் பொருள்களாகத் தோன்றினவே தவிர, என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீட்டுப் பொருளாக ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாத்தாவிடம் போய் அவருடைய வலை பின்னும் ஊசியைக் கேட்டேன். "கொண்டுபோங்க டீச்சர், ஆனா திரும்பக் கொண்டாந்துருங்க. கைக்குப் பழகுன ஊசி" என்றார்.

ஒரு சாண் நீளத்துக்கும் சற்றுக் குறைவான மூங்கில் துண்டு அது. ஒரு முனை கூர்மையாக இருக்கும்; நடுவில் குடைந்தெடுத்த இடத்தில் நாக்குப் போன்ற ஒரு சிறு குச்சி நிற்கும்; மறுமுனை இரண்டாகப் பிளந்திருக்கும். அந்த நாக்கில் நூலை மாட்டி, பின்முனைப் பிளவில் சுற்றி, திருப்பி, மறுபக்கம் மாட்டி, இப்படியே நிரப்பினால் பல முழம் நூல் அந்தச் சிறு ஊசிக்குள் அடங்கிவிடும். இப்போது பிளாஸ்டிக் ஊசிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் பெரியவரின் ஊசியில், கட்டைவிரல் படும் இடம் மட்டும் சற்றே பள்ளமாகத் தேய்ந்து எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னும்.

போனது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஆசிரியர்களுக்காக நடத்தப்படும் ஒரு வாரப் பயிற்சி அது. தலைப்பு, பண்பாட்டு மரபை வகுப்பறைக்குள் கொண்டுவருவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் அந்நாட்டு ஆசிரியர்களுக்குச் செலவைக் கொடுக்கிறது. கட்டணம் செலுத்தினால் பிற நாட்டவரும் உட்காரலாம் என்றிருந்தது. சேமிப்பிலிருந்து பாதியும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பியிடமிருந்து பாதியுமாகப் பணம் சேர்ந்தது. துறையின் தடையின்மைச் சான்று வர நான்கு மாதமாயிற்று. மே மாத விடுமுறையில் புறப்பட்டேன்.

முதல் நாள் காலை, வட்டமாக உட்கார்ந்து, பொருளின் பெயரைச் சொல்லாமல் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்ல வேண்டும்: என்ன பார்க்கிறேன், என்ன நினைக்கிறேன், என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1967-இல் தொடங்கிய 'ப்ராஜக்ட் ஜீரோ' என்ற ஆய்வுக் குழுவினர் வகுத்துத் தந்த முறைகளில் ஒன்று இது. கேட்பதற்கு மிக எளிமையாக இருக்கும். ஆனால் பார்ப்பதையும் நினைப்பதையும் பிரித்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். போலந்து ஆசிரியை ஒருவர் என் ஊசியைப் பார்த்தவுடன் "நெசவு நாடா" என்றார். அது நினைப்பது, பார்ப்பதைச் சொல்லுங்கள் என்று பயிற்றுநர் திருத்தினார். அதன் பிறகுதான் அவர் விரலால் தடவித் தடவி, தேய்ந்த பள்ளத்தைக் கண்டுபிடித்தார். "இதை வைத்திருந்தவர் வலக்கைக்காரர்" என்றார். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று.

ஊசி நான்காவது கைக்குப் போனபோது, அங்கே உட்கார்ந்திருந்த போர்த்துகீசிய ஆசிரியர் சிரித்துவிட்டார். அவருடைய தந்தை கடல்தொழில் செய்தவர். ஒன்றும் பேசாமல், தன் பையிலிருந்த நூற்கண்டை எடுத்து, நாக்கில் மாட்டிச் சுற்றி, நாற்காலிக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு ஐந்தாறு கண் பின்னிக் காட்டினார். எங்கள் கரையில் போடும் அதே முடிச்சு. பிறகு என்னிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் பள்ளியில் இதை எந்தப் பாடத்தில் சொல்லித்தருகிறீர்கள்?"

எந்தப் பாடத்திலும் இல்லை என்ற விடையைச் சொல்ல எனக்கு நேரமாயிற்று. அவர் கேட்டதில் குத்தல் ஏதுமில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை நேராக ஒரு சேர்க்கைப் படிவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த தாயிடம் என்ன வேலை என்று கேட்டேன். "பாசிக்குப் போறேன் டீச்சர்" என்றார். பெற்றோர் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதினேன். என் கையால் எழுதினேன். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை இனம் பிரித்து அறுத்து மேலே வரும் ஒருவரின் அறிவு முழுவதையும் இரண்டெழுத்துக்குள் வைத்து மூடிவிட்டேன். அதே ஆண்டு பண்பாட்டு நாள் விழாவில், வாடகைக்கு எடுத்த கிரீடமும் ஜிகினா உடையும் அணிந்த பிள்ளைகள் மேடையில் அரசர்களாக நின்றார்கள். அந்தச் சிறுமி கீழே உட்கார்ந்து கைதட்டினாள். விழாவைப் பொறுப்பேற்று நடத்தியவள் நான்தான்.

லிஸ்பனில் அந்த வாரம் முழுவதும் இந்தப் படிவமே என் கண்முன் நின்றது. அங்கே பேசப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது, போர்த்துகலின் தென்கரையில் உள்ள ஃபாரோ என்ற ஊரில் 2005 அக்டோபரில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கை. ஐரோப்பிய மன்றம் கொண்டுவந்த அந்த உடன்படிக்கை, ஒரு பொருளோ பழக்கமோ மரபாவது வல்லுநர்கள் பட்டியலில் சேர்ப்பதால் மட்டுமல்ல, அதைத் தம்முடையதாகக் கருதி அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க விரும்பும் மக்களாலும்தான் என்ற கருத்தை முன்வைக்கிறது. யுனெஸ்கோ 1972-இல் கொண்டுவந்த உடன்படிக்கை கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காத்தது. 2003-இல் வந்தது பாட்டு, கைத்தொழில், சடங்கு, இயற்கையைப் பற்றிய மக்கள் அறிவு ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது. ஃபாரோ இன்னும் ஓரடி எடுத்து வைத்து, 'யாருடைய மரபு' என்று கேட்டது. ஆசிரியருக்கு இது வெறும் சட்டப் பேச்சு அல்ல. பாடநூலில் அச்சாகும் வரை ஒன்று பாடமாகாது என்று காத்திருக்கத் தேவையில்லை என்று எனக்கு அதில் ஒரு துணிவு கிடைத்தது.

மூன்றாம் நாள் டேகஸ் ஆற்றைக் கடந்து கோஸ்டா த கபரிகா என்ற கடற்கரைக்குக் கூட்டிச் சென்றார்கள். அங்கே நடப்பதற்கு 'ஆர்த்தி ஷாவெகா' என்று பெயர். படகு ஒன்று கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் அரைவட்டமாகப் போய் வலையை இறக்கி, மறுநுனியோடு கரைக்குத் திரும்புகிறது. பிறகு இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். அப்படியே நம் கரைவலை! இரண்டு பக்கமும் நீளும் 'கை' என்ற வலைப்பகுதிகள், நடுவில் மீன் சேரும் 'மடி' என்ற பை. அந்தக் காலத்தில் மாடு கட்டி இழுத்த இடங்களில் இப்போது டிராக்டர் இழுக்கிறது. எங்கள் கரையில் ஆட்கள் வரிசையாக நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கால் ஊன்றிப் பின்னால் நகர்ந்து இழுப்பார்கள். பாட்டு இல்லாவிட்டால் இழுப்பு ஒரு சீராக வராது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மணலில் நின்றுகொண்டு என் கைபேசியில் இருந்த ஓர் அம்பாப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். போர்த்துகீசிய ஆசிரியர், டிராக்டர் வந்த பிறகு பாட்டு எங்கே போகும் என்று கேட்டார். நான் விசைப்படகுகளைப் பற்றிச் சொன்னேன். இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

மற்றொரு நாள் கார்மோ மடாலயத்துக்குப் போனோம். 1755 நவம்பர் 1 அன்று காலை, புனிதர் அனைவர் திருநாள் வழிபாட்டுக்காக மக்கள் கோயில்களில் கூடியிருந்த நேரத்தில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தாக்கியது; தொடர்ந்து கடல் பொங்கிவந்தது; பல நாள் தீ எரிந்தது. இடிந்த அந்த மடாலயத்தின் தேவாலயத்துக்கு மீண்டும் முழுக் கூரை போடப்படவே இல்லை. வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்கி நிற்கின்றன. உள்ளே புல்தரை. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் தரையில் உட்கார்ந்து, இல்லாத கூரையைத் தாளில் வரைந்துகொண்டிருந்தார்கள். எந்தக் கல் எதைத் தாங்கியிருக்கும், மழைநீர் எப்படி வடிந்திருக்கும் என்று அவர்களுடைய ஆசிரியை கேட்டுக்கொண்டிருந்தார். கணிதமும் அறிவியலும் வரலாறும் ஒரே தாளில்.

எனக்குத் தனுஷ்கோடி நினைவு வந்தது என்று சொல்லத் தேவையில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் அந்த ஊரை, ரயில் நிலையத்தோடும் அஞ்சலகத்தோடும் தேவாலயத்தோடும் அழித்தது. பயணிகளோடு வந்த ரயில் வண்டி கடலோடு போயிற்று. பாம்பன் பாலமும் சிதைந்தது; 46 நாள்களில் அதைச் சீர்செய்தார்கள். இன்றைக்கு அரிச்சல்முனை வரை சாலை போகிறது. வண்டி வண்டியாக மக்கள் வந்து தேவாலயச் சுவரின் முன் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் ஆண்டுதோறும் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். என்ன செய்தோம்? வரிசையில் நின்றோம், புயலின் தேதியைச் சொன்னேன், புளியோதரை சாப்பிட்டோம், திரும்பினோம். அந்தச் சுவர் சுண்ணாம்பும் பவளப்பாறைக் கல்லும் கொண்டு கட்டப்பட்டது என்பதை ஒரு பிள்ளையையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். இடது பக்கம் இருக்கும் பெண்கடல் ஏன் பெரும்பாலும் அடங்கி நிற்கிறது, வலது பக்கத்து ஆண்கடல் ஏன் சீறுகிறது என்று கேட்டிருக்கலாம். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, மன்னார் வளைகுடா ஆழம் மிகுந்து இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடக்கிறது என்ற புவியியல் பாடம், நம் முன்னோர் வைத்த அந்த இரண்டு பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது.

லிஸ்பனில் நானாகச் சொன்ன பாடம் ஒன்றும் உண்டு. கடைசி நாளுக்கு முந்தைய மாலை, ஒவ்வொருவரும் இந்த நகருக்கும் தம் ஊருக்கும் உள்ள தொடர்பைப் பத்து நிமிடம் பேசவேண்டும் என்றார்கள். எழுந்து நின்று, ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, துவாலை என்று ஐந்து சொற்களை மெதுவாகச் சொன்னேன். போர்த்துகீசிய ஆசிரியர்கள் மூவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஐந்தும் அவர்கள் மொழியிலிருந்து நம் வீட்டுக்குள் வந்தவை. பிறகு 1554-ஐச் சொன்னேன். அந்த ஆண்டு, அதே லிஸ்பன் நகரில், தமிழ்ச் செபங்களை ரோமன் எழுத்தில் போர்த்துகீசிய மொழியோடு சேர்த்து அச்சிட்ட 'கார்த்தில்யா' என்ற சிறு நூல் வெளிவந்தது. தமிழ்மொழி அச்சில் ஏறியது அப்போதுதான். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578-இல் வருவதற்கு 24 ஆண்டுகள் முந்தியது அது. அதை ஆக்கியவர்கள் வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வல்யோ, தோமா த குரூஸ் என்ற மூன்று தமிழர்கள். போர்த்துகீசியப் பெயர் தாங்கிய அந்த மூவரும் இந்தத் தெருக்களில் நடந்திருப்பார்கள், குளிரில் நடுங்கியிருப்பார்கள், தமிழ்ச் சொல்லை எப்படி ரோமன் எழுத்தில் எழுதுவது என்று தமக்குள் வாதிட்டிருப்பார்கள் என்று சொன்னபோது என் குரல் தழுதழுத்தது. அந்த அறையில் இருந்த எவருக்கும் அந்த நூலைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

பயிற்சியில் எல்லாமே சிறப்பாக இருந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. ஒரு முழு நாளைக் கைபேசிச் செயலிகளுக்குக் கொடுத்தார்கள். மெய்நிகர்க் கண்ணாடி போட்டுக்கொண்டு அருங்காட்சியகம் பார்ப்பதால், கண்ணெதிரே கடலை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள் என்ற நிலையை வைத்து வகுத்த பாடத்திட்டங்களையும் அப்படியே இங்கே நட முடியாது. எங்கள் மாவட்டத்தில், வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அழகன்குளம் இருக்கிறது. ரோமானியக் காசும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடும் கப்பல் உருவம் கீறிய ஓடும் அங்கே அகழாய்வில் கிடைத்தன. ஆனால் என் பள்ளியிலிருந்து அங்கே 35 பிள்ளைகளைக் கூட்டிப் போய்வர வண்டிக்கூலி எங்கிருந்து வரும் என்பதே முதல் கேள்வி. ஆகவே நடந்துபோகும் தூரத்தில் இருப்பவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று விமானத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

ஜூன் மாதத்தில் காற்றிலிருந்து தொடங்கினேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற நான்கு பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வரும், எந்த மாதத்தில் வரும், எந்த மீன் கிடைக்கும் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் வகுப்பில் பெரிய வாக்குவாதம். கச்சான் நேர் மேற்கா, தென்மேற்கா என்பதில் வேதாளைப் பிள்ளைகளும் மண்டபத்துப் பிள்ளைகளும் ஒத்துப்போகவில்லை. என்னிடம் தீர்ப்பு இல்லை. திசைகாட்டியையும் ஒரு துண்டு நாடாவையும் கொடுத்து, மூன்று வாரம் காலையும் மாலையும் குறித்து வரச் சொன்னேன். வீட்டில் சொன்னது என்பதற்காக எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் பிள்ளைகள் அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். மரபைப் பாடமாக்கும்போது அதையும் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அது பாடமாக இராது, பெருமை பேசுவதாகவே முடியும்.

பாசியைப் பற்றிய பாடத்துக்குத்தான் எனக்கு அச்சம் இருந்தது. நான் 'கூலி' என்று எழுதிய அந்தத் தாயின் மகள் இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். வகுப்புக்கு வந்து பேசுங்கள் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் உடனே மறுத்தார். "நான் பாசிக்குப் போறதே இவ போகக்கூடாதுன்னுதான் டீச்சர். நீங்க அதையே பாடமா நடத்துனா எப்படி?" என்றார். இந்தக் கேள்விக்கு லிஸ்பனில் யாரும் விடை சொல்லித்தரவில்லை. அங்கே பேசியவர்கள் பலருக்கும் மரபு என்பது இழந்துவிட்டு நினைத்துப் பார்க்கும் ஒன்று; இவருக்கோ விரல்களில் துணி சுற்றிக்கொண்டும் பாறையில் கை கிழியும் அன்றாடப் பிழைப்பு. தேசியப் பூங்காவாக்கப்பட்ட தீவுகளின் பக்கம் போனால் வனத்துறையினர் தடுப்பார்கள் என்ற கவலையும் அதற்குள் இருக்கிறது. அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது.

நான் வாதாடவில்லை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை மூன்றும் எங்கே போகின்றன, என்னவாகின்றன என்று தெரியுமா என்று மட்டும் கேட்டேன். வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போவார், அதற்குமேல் தெரியாது என்றார். இத்தனை ஆண்டுகளாக அவர் கையால் அறுத்துக் காயவைத்துக் கொடுத்த பொருள் என்னவாகிறது என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. முதல் இரண்டிலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள், ஆய்வுக்கூடத்தில் நோய்க்கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்குக்கூட அந்த அகர்தான் அடித்தளம், கட்டைக்கோரையிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் என்ற பசைப்பொருள் துணிக்குச் சாயம் அச்சிடுவது வரை பயன்படுகிறது என்று சொன்னேன். உங்கள் மகள் பாசிக்குப் போகவேண்டும் என்பதற்காக இந்தப் பாடம் இல்லை, அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனால் அங்கே கண்ணாடித் தட்டில் இருப்பது தன் அம்மா அறுத்த பொருள் என்று அவளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பத்து நாள் கழித்து, பாசிக்குப் போகாத ஒரு நாளில், பிளாஸ்டிக் பையில் மூன்று பாசிகளையும் எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார்.

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மறுத்துவிட்டு மகளின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பாசிகள் கை மாறிக்கொண்டே போயின. என்ன பார்க்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள், என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று அதே மூன்று கேள்விகள். மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவீர்கள் என்று ஒருவன் கேட்டான். மரிக்கொழுந்தை வேரோடு பிடுங்காமல் மேலே மட்டும் கிள்ளினால்தான் மறுபடி வளரும் என்று அவர் சொன்னபோது, ஏன் என்று ஒருத்தி கேட்டாள். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து கரும்பலகைக்கு வந்து, பாறையில் அது ஒட்டியிருக்கும் விதத்தைச் சாக்பீஸால் வரைந்து காட்டினார். அகர் என்ற சொல்லை நான் எழுதிக்கொண்டிருக்கையில், கீழக்கரையிலிருந்து புதிதாகச் சேர்ந்த மாணவி எழுந்து, "டீச்சர், நோன்பு திறக்க எங்க உம்மா கடல்பாசி காய்ச்சுவாங்களே, அதுவா இது?" என்றாள். ஆமாம், கடையில் கடல்பாசி என்று விற்கும் அதே பொருள்தான் என்றேன். பெஞ்சில் இருந்தவர் திரும்பி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் தூக்குச்சட்டி நிறையப் பால் கடல்பாசி கொண்டுவந்தாள், சதுரம் சதுரமாக வெட்டி, மேலே பாதாம் தூவி. எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கிடைத்தது. பாசிக்குப் போகிறவரின் மகள் தன் துண்டைச் சாப்பிடாமல், நோட்டுத்தாளில் மடித்து டிபன் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இடைவேளையில் அலுவலக அறைக்குப் போய், பழைய சேர்க்கைப் படிவத்தைத் தேடி எடுத்து, தலைமையாசிரியரிடம் காட்டி, அவருடைய சுருக்கொப்பத்தோடு அந்த இரண்டெழுத்தை அடித்துவிட்டு 'பாசி எடுப்பவர்' என்று எழுதினேன்.